மூச்சைப் பிடியுங்கள்

பினாங்குப் பாலத்தில் விளக்குகள் அணையும் நேரம்
இரவுப்பணி முடிந்து ஜெலுத்தோங் வந்து சேர்வேன்.
காலணியைக் கழற்றுமுன் பின்கதவு.
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இரும்புக் கம்பத்தின் மேல்,
பழைய சமையலறை அலமாரியை உடைத்து
நானே அடித்த பெட்டி.
ஒரு பக்கம் இன்னும் ஃபார்மைக்கா ரோஜாக்கள்.
அதற்குள் குடிவந்திருக்கிறது கூகை.

வாடகை தரவில்லை என்று சொல்ல முடியாது.
பெட்டிக்கடியில் தினம் ஒரு கருப்பு உருண்டை,
மயிரும் எலும்புமாய்.
வெந்நீரில் ஊறவைத்துப் பிரிப்பேன்.
தாடை, தொடை, அரிசி அளவு முதுகெலும்புகள்,
ஒரு கீறல் இல்லாத எலி மண்டையோடு.
எலும்பு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
இவ்வளவு சுத்தமாக
எந்த இயந்திரமும் எனக்குக் காட்டியதில்லை.

மருத்துவமனையில் நான் சொல்வது ஒன்றுதான்:
மூச்சை இழுத்துப் பிடியுங்கள்.
தாஹான் நாஃபாஸ்.
ஹொக்கியனில் அரைகுறையாய், கைச்சாடையோடு.
பிடித்துக்கொள்வார்கள்.
விடுங்கள் என்று சொல்ல ஒருமுறை மறந்துபோனேன்;
லாரி ஓட்டுநர் ஒருவர்
முகம் சிவந்து, கண் பிதுங்கி,
அப்படியே நின்றிருந்தார்.

விடுமுறை இரவுகளில் அதையே
எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.
கொசுவர்த்தி, முக்காலி, ஃபிளாஷ் அணைத்த கேமரா.
பின்சந்து விளக்கின் மஞ்சள் போதும்.
முதல் வாரம் எடுத்ததெல்லாம் இருட்டு,
இருட்டில் ஒரு வெள்ளை இழுப்பு,
பிறகு காலி வாசல்.
வருவது காதில் விழாது.
வந்துவிட்டது என்று குஞ்சுகள்தான் சொல்லும்,
விசில் போடாத குக்கர்போல் சீறி.

அடுத்த வீட்டு தியோ தகரவேலிக்கு மேல் தலை நீட்டி
"பூனைத்தலைக் கழுகு, நல்லதில்லை" என்றார்.
எதிர்வரிசை ரொஸ்னாவுக்கு அது பேய்ப்பறவை;
அவள் மொழியில் அதற்குப் பெயரே அதுதான்.
தைப்பிங்கிலிருந்து அம்மா:
"அலறினால் வீட்டுக்கு ஆகாது. கழற்றிப் போடு."
அலறவில்லையம்மா, சீறுகிறது என்றேன்.
"பாம்பா?" என்றாள்.

பிறகு தியோ வீட்டில் எலிகள் குறைந்தன.
நீலநிற எலிமருந்தை, பாதி தீர்ந்த டப்பாவோடு
கடையில் திருப்பிக் கொடுத்து
சண்டை போட்டுப் பணம் வாங்கி வந்தார்.
அன்றிலிருந்து தினமும் வேலியில்:
"எக்ஸ்ரே மிஸ், எத்தனை?"
ஏணி ஏறி எண்ணியிருக்கிறேன்.
ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவேன்.
உள்ளே திரும்பி, தன் மனைவிக்கு அவரும் காட்டுவார்.

வியாழன் இரவு, மூன்று பன்னிரண்டுக்கு எடுத்த படம்.
மூத்த குஞ்சு வாசலில். வாயில் எலிவால்
என்றுதான் நினைத்தேன்.
பெரிதாக்கினேன்.
வால் இல்லை, கால்.
எலிக்கு இவ்வளவு நீளமான கால் கிடையாது.
அந்த மூட்டு எனக்குத் தெரியும்.
ஏணி ஏறினேன். நாலு.

நிழலை முதலில் பார்ப்பவள் எப்போதும் நான்தான்.
நுரையீரலில் ஐந்து காசு அகலத்துக்கு ஒரு வெண்மை.
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
என் முகத்தைப் பார்ப்பார்கள்.
டாக்டர் சொல்வார் என்பேன்.
பதினாறு வருடமாக டாக்டர்தான் சொல்கிறார்.

காலையில் தகரவேலி அதிர்ந்தது.
"எத்தனை?"
நாலு என்றால் அவர் மொழியில்
சாவு என்பதற்கு அரை மூச்சுத் தூரம்.
லிஃப்டில்கூட அந்தப் பொத்தானை
முழங்கையால் அழுத்துகிறவர்.
கையைத் தூக்கினேன், வாய் திறக்கவில்லை.
மடங்கியிருந்த கட்டைவிரலையே பார்த்தார்.

"சின்னதா?"
ஆமாம்.
"மத்ததுங்க?"
தலையாட்டினேன்.
"கோழியும் செய்யும்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"படம் இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
வேலிக்கு மேல் கேமராவை நீட்டினேன்.
சன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிக்கும்
சொந்தக்காரர்களைப்போல்
வானத்துக்கு நேராகப் பிடித்து,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
இறக்கி,
வெகுநேரம் பார்த்தார்.

"வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்று
திருப்பிக் கொடுத்தார்.